என் நாக்கும் ஒரு சூனியக்காரிப் படமும்

என் நாக்கின் ஓரத்தில் எள்ளளவு ஒரு கறுப்புப் புள்ளி உண்டு. பிறந்தபோதே இருந்தது. அம்மா வீட்டில் யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை. கல்யாணமாகிப் புதுக்கடைக்குப் பக்கத்தில் இந்த வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம், முற்றத்துப் பலாமரத்தில் தொங்கிய பழங்களைப் பார்த்து, "இத்தனை சக்கையையும் இந்த ஒத்தக் கொம்பு எப்படித் தாங்குது?" என்று கேட்டுத் தொலைத்தேன். மறுநாள் காலையில் கொம்பு தரையில் கிடந்தது. கறையான் தின்று உள்ளே வெறும் கூடாகிப் போன கொம்பு. ஆனால் கறையானை யாரும் விசாரிக்கவில்லை. என்னைத்தான் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து நான் கருநாக்குக்காரி. நான் சொன்னால் பலித்துவிடும்.

பலிக்காமல் போனவையும் எத்தனையோ உண்டு. என் மூத்த மகன் கலெக்டர் ஆவான் என்றேன், அவன் துபாயில் ஏசி மாட்டுகிறான். அதற்கெல்லாம் என் ஓரகத்தியிடம், அதாவது என் கொழுந்தனின் மனைவியிடம், ஒரு பதில் தயாராக இருக்கும். "அது அக்கா மனசறிஞ்சு சொல்லல்ல." பலித்தால் நாக்கு, பலிக்காவிட்டால் மனசு. எப்படிப் போனாலும் நான் தப்பிக்க முடியாது.

ஒரே காம்பவுண்டில் இரண்டு வீடு. நான் கெட்டவள் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். காய்ச்சல் வந்தால் முதல் கஞ்சி அவள் வீட்டிலிருந்துதான் எனக்கு வரும். ஆனால் வாழை குலை தள்ளினால் எனக்குத் தெரியாமல் சாக்குப் போட்டு மூடிவிடுவாள். கொழுந்தனோ ரப்பர் மரத்தில் பால் வெட்டக் கிளம்பும்போது, "மதினி, இன்னைக்கு மழை வரும்னு மட்டும் சொல்லிராதீங்க" என்று கும்பிடுவான். நானும் சிரித்துக்கொண்டே முப்பது வருஷம் ஓட்டிவிட்டேன்.

சிரிப்பு நின்றது அவர்கள் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்தபோதுதான். எனக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். நான் எண்ணெய் தேய்த்து, தலை பின்னி, ஸ்கூலுக்கு அனுப்பிய ஒரே பெண் அவள். ஏழாம் மாசத்தில் அவள் வீட்டுக்கு வந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தேன். ஓரகத்தி ஒரு டவலை எடுத்து மகளின் வயிற்றின் மேல் போட்டாள். "அக்கா, பிள்ளையப் பத்தி ஒண்ணும் சொல்லாதீங்க என்ன" என்றாள் மெதுவாக. எனக்கு வலித்தது. வீட்டுக்கு வந்து மீன் சட்டியைக் கொஞ்சம் பலமாகவே தேய்த்தேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் மூவரும் அந்தப் படத்தைப் பார்த்தோம். பொழுது போகாத பெண்தான் டிவியில் போட்டாள். ஐரோப்பாவில் முன்னூறு நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கிராமம். தமிழ் டப்பிங்.

"வயித்துப் பிள்ளையோட பேய்ப்படம் பாக்கப்பிடாது மக்ளே" என்றாள் அம்மாக்காரி.

"இதுல பேயே கிடையாதும்மா. மனுசங்கதான்."

படத்தில் யாரோ ஒருவன் வீட்டில் பசு செத்துவிடுகிறது. ஊரே சேர்ந்து, ஓரமாகக் குடியிருந்து பச்சிலை பறித்து விற்கும் ஒரு விதவையைச் சூனியக்காரி என்கிறது. கறுப்புத் தொப்பி வைத்த விசாரணைக்காரன் சுத்தமான பட்டிமன்றத் தமிழில் கேள்வி கேட்கிறான். எந்நேரமும் பனி. "இவனுவளுக்கு வெயிலே கிடையாதா? துணி எப்பிடிக் காயும்?" என்று கேட்டபடியே ஓரகத்தி நேந்திரங்காய் வற்றலைத் தின்றுகொண்டிருந்தாள். அந்த விதவையைக் கட்டிக் குளத்தில் இறக்கினார்கள். மிதந்தால் சூனியக்காரி, முங்கினால் நல்லவள்.

"முங்கினா செத்துல்லா போவா? பிறவு நல்லவளா இருந்து என்ன பிரயோசனம்?" என்றாள் ஓரகத்தி. வற்றலையும் கீழே வைத்துவிட்டாள்.

அடுத்து அவளைக் கரைக்கு இழுத்துப் போட்டு, விசாரணைக்காரன் அவள் உடம்பில் அடையாளம் தேடினான். தோளில் ஒரு மறு இருந்தது. அதில் ஊசியால் குத்தி, "இதோ சாட்சி" என்றான்.

ஓரகத்தி பொங்கிவிட்டாள். "ஒரு மறுவப் பாத்து ஆளக் கொல்லுவானா? வெளங்காத பயலுவ."

பெண் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் நாக்கை முழுசாக வெளியே நீட்டிக் காட்டினேன். பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த சிரிப்பில் டவல் நழுவியது. ஓரகத்தி அதை எடுத்து மறுபடியும் ஒழுங்காகப் போட்டுவிட்டு, "அக்காக்கு எப்பவும் தமாசுதான்" என்றாள். கண்கள் டிவியில்தான் இருந்தன, பாவம், அந்த விதவைக்காகக் கலங்கிப் போய்.

கடைசியில் விதவையின் மகளையும் பிடித்து வந்து கட்டினார்கள். அதுவரை ஒரு வார்த்தை ஒத்துக்கொள்ளாதவள், மகளை விட்டுவிடச் சொல்லி, "ஆமாம், நான்தான் சூனியக்காரி" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இல்லாததை எதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்? "நானா இருந்தா சாவுற வரைக்கும் ஒத்துக்கிட மாட்டேன்" என்று சத்தமாகவே சொன்னேன்.

பிரசவ வலி வந்த அன்று காலை காரில் எல்லோருக்கும் இடம் இருந்தது, எனக்குத்தான் இல்லை. "அக்கா வீட்டப் பாத்துக்கிடுங்க" என்றாள் ஓரகத்தி. வீடு எங்கே ஓடியா போகப் போகிறது? கார் போனதும் படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பிறகு இரண்டு வீட்டு முற்றத்தையும் கூட்டினேன்.

பத்து மணிக்குக் கொழுந்தன் போன் செய்தான். "மதினி, மார்த்தாண்டம் ஆஸ்பத்திரிக்கு ஒடனே வாங்க. பிள்ளைக்குப் பிரஷர் கூடுது. அவ உங்களத்தான் கேக்கா." கட்டியிருந்த வீட்டுச் சேலையோடு ஆட்டோ பிடித்தேன். மேம்பாலத்துக்குக் கீழே வண்டிகள் நகரவே இல்லை. அங்கேயே இறங்கி நடந்தேன்.

கேட்டது மகள் இல்லை, அவள் அம்மா. பிரசவ அறைக்கு வெளியே நின்றவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்துன்னு டாக்டர் சொல்லுதாவ. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க அக்கா. உங்க நாக்கு பலிக்கும்."

முப்பது வருஷமாக என் வாயில் காத்திருந்த பதில்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. இந்த நாக்கில் ஒன்றும் கிடையாது, அது வெறும் புள்ளி, கொம்பை முறித்தது கறையான். சொல்லியிருக்கலாம். கதவுக்கு அந்தப் பக்கம் பெண் கத்துவது கேட்டது. படத்துப் பெண் எனக்கு அப்போதுதான் புரிந்தாள்.

"ஆமா, எனக்க நாக்கு பலிக்கும்" என்றேன். "தாயும் பிள்ளையும் சுகமா வருவாவ."

"மனசறிஞ்சு சொல்லுங்க."

மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் மனசறிந்துதான் சொன்னேன். பதினொன்றரை மணிக்குப் பெண்குழந்தை பிறந்தது. தாயும் தப்பினாள்.

அத்தோடு என் வழக்கு முடிந்தது, இனி மேல்முறையீடு கிடையாது. நர்சிடம் ஆரம்பித்து, கீழே டீக்கடை வரை ஓரகத்தி சொல்லிவிட்டாள். புதுக்கடைச் சந்தையில் மீன் வாங்கப் போனால், மகனுக்கு விசா வர வேண்டும், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று ஒருத்தி சேலையைப் பிடிக்கிறாள். ஊசியால் குத்திக் காட்டும் சாட்சியைவிட நானே கொடுத்த வாக்குமூலம் பலமாக நிற்கிறது.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ஓரகத்தி அவளைத் தூக்கி என் மடியில்தான் முதலில் வைத்தாள். அது என் கூலி என்று நினைக்கிறேன். கன்னத்தில் ஒரு மைப்பொட்டு, உள்ளங்காலில் ஒன்று, எனக்காகவே நெற்றியில் அப்பளம் அளவுக்கு இன்னொன்று. வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சும்மா பாருங்க அக்கா. ஒண்ணும் சொல்லாண்டாம்."

நான் வாயைத் திறக்கப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. அவள் சொல்வதற்கு முன்பே நாக்கைப் பற்களுக்கு இடையில் இறுக்கிப் பிடித்திருந்தேன். வேறு யாருமில்லை, நானேதான் பிடித்திருந்தேன். குழந்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவள் எப்படி இருந்தாள் என்பதை இங்கேயும் எழுத மாட்டேன்.