கயிற்றுக்கு அப்பால் ஒரு ஷோகேஸ்

மகள்தான் கூட்டிப்போனாள். வடக்கு ஐரோப்பாவில் மூன்று நகரங்கள், ஒரு கிழமை. திரும்பி வந்ததும் மெல்பேணில், ரோவில் என்ற இடத்திலுள்ள எங்கள் வீட்டு ஹோலைப் புதுப்பிக்கப் போகிறாள். என் கண்ணாடி ஷோகேஸை ரோட்டோரம் வைத்தால், வேண்டாத சாமான் எடுக்கும் கவுன்சில் லொறி அள்ளிக்கொண்டு போகும். அதற்கும் நாள் குறித்துவிட்டாள். இந்தப் பயணமே என் வாயை அடைக்கத்தான். எனக்கா தெரியாது?

அந்த ஷோகேஸை என் மனுசன் டண்டினோங்கில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கி, காரின் கூரையில் கட்டி, மழைக்குள் கொண்டுவந்தார். இந்த நாட்டில் நாங்கள் வாங்கிய முதல் சாமான். மனுசன் போன பிறகு, அதைத் துடைக்கும்போதுதான் அவரோடு கதைப்பேன். சொன்னால் மகள், "அம்மா, அது ஓல்ட் ஃபாஷன்," என்பாள்.

கொப்பன்ஹேகனில் ஒரு மியூசியத்தில் வரிசையாகக் கதிரைகள். ஒவ்வொன்றுக்கும் தனி லைற். நான் கால் உளைந்து நிற்கிறேன், இருக்க ஒரு கதிரை இல்லை. ஸ்ரொக்ஹோமில், புறப்பட்ட அன்றே கவிழ்ந்த கப்பலைக் கிளப்பி எடுத்து அதற்கொரு மாளிகை கட்டியிருக்கிறார்கள். மெல்பேணில் நாங்கள் மியூசியத்துக்குப் போவதே ஊரிலிருந்து ஆட்கள் வந்தால்தான். டைனோசர் எலும்பைக் காட்டிவிட்டு, பார்க்கிங் நேரம் முடியுதென்று ஓடிவருவோம். அதுவரை, பழசை இப்படிப் பேணுகிறார்களே என்று எனக்குப் பொறாமைதான்.

ஒஸ்லோவில்தான் விசர் வந்தது. அங்கே ஒரு மியூசியத்தில், பழைய மாடிக்கட்டடம் ஒன்றின் வீடுகளை, அங்கே ஆட்கள் வாழ்ந்தபடியே வைத்திருந்தார்கள். ஒன்று, பாகிஸ்தானிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்தின் ஹோல். சோபாவில் பின்னல் துணி, பிளாஸ்டிக் பூ, கண்ணாடி அலுமாரிக்குள் ஒருநாளும் தேத்தண்ணி ஊற்றாத கோப்பைகள். முன்னால் ஒரு கயிறு. மகள் படம் எடுத்துத் தள்ளினாள்.

"அம்மா, ஸோ பியூட்டிஃபுல். எவ்வளவு கவனமா வச்சிருக்கினம் பாருங்கோ."

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. "எடி, இது எங்கட ஹோல். நீ லொறிக்குக் குடுக்கப் போறது."

"இட்ஸ் டிஃபரண்ட், அம்மா."

"என்ன டிஃபரண்ட்? கயிறு கட்டினதோ?"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். முற்றத்து மல்லிகை மணக்காதாம், ஒஸ்லோவில் ரிக்கற் எடுத்து முகர்ந்தால் மட்டும் மணக்குமாம். விமானத்தில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே மெல்பேண் வந்து சேர்ந்தேன்.

லொறி வருவதற்கு முதல்நாள், ஷோகேஸைத் தூக்க மருமகனோடு வந்தாள். நான் உடுப்புக் காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்து, ஷோகேஸுக்கு முன்னால் இரண்டு கதிரைகளை வைத்து, குறுக்கே இழுத்துக் கட்டியிருந்தேன். மருமகன் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைக் கண்டு நிறுத்திவிட்டார்.

"இப்ப வடிவாத் தெரியுதோ?" என்றேன். "படம் எடு பிள்ளை."

அவள் கிட்ட வந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, கவுன்சிலுக்கு அடித்து, லொறி வேண்டாம் என்றாள்.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அப்பா தூக்கி வந்தது என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அவளுக்கு அது போதவில்லை, ஒரு கயிறு வேண்டியிருந்தது.