நான் ஊமையாக்கிய கலம்

வெடித்தது என் கலம். நாடு கடத்தப்பட்டவன் சின்னப்பன். இதனை இதுகாறும் எவரிடமும் நான் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன்!

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளையர் அறிவித்த அவசரகாலம் அது. கூலிம் அருகே, வெள்ளீயத் தாது சுத்திகரிக்கும் ஆலையொன்றில் நான் வரைபடக்காரன். ஆசானின்றி, பழைய ஆங்கில நூல்களைப் புரட்டிக் கற்ற தொழில். உயர் அழுத்தத்தில் கொதித்துவரும் தாதுக் குழம்பு ஒரு கலத்துள் பாய்ந்து, நீராவியைக் கழித்து அடங்க வேண்டும். அந்த அழுத்தத் தணிப்புக் கலத்தை வடிவமைத்தவன் நானே. என்ன கர்வம் எனக்கு!

கலத்தின் உச்சிக் குழாய் ஆவியைக் கக்கும்போதெல்லாம் வேட்டுச் சத்தம் கேட்கும். முள்வேலிக் காவலர்கள் ஒருநாள், காட்டிலிருந்து கம்யூனிஸ்டுகள் வந்துவிட்டதாக எண்ணிச் சுட்டே விட்டனர். சத்தத்தை அடக்கச் சொன்னார் ஆலையின் வெள்ளைக்காரத் துரை. குழாயின் வாயைக் குறுக்கினேன். குறுகிய வாயில் குழம்பு படிந்து அடைக்கும் என்பதை அறியாதவனா நான்? அறிவேன்... ஆயினும், முடியாதென்று துரையிடம் சொல்ல மனம் வரவில்லை.

கலத்தைக் கண்காணித்த சின்னப்பன் சிரித்தான். "அண்ணே, என் மாமியாருக்கும் இப்படி ஒன்னு வரைஞ்சு குடுங்கண்ணே! இனி நான் நிம்மதியா கோப்பி குடிக்கப் போலாம் லா!"

அவன் அப்படிப் போயிருந்த ஒரு முற்பகலில்தான் வெடித்தது.

உயிர்ச்சேதமில்லை. ஆனால், அந்நேரம் பார்த்து அவன் விலகியிருந்ததே குற்றமாயிற்று. நாசவேலை என்றது போலீஸ்.

அவர்கள் வருமுன், சிதறிக் கிடந்த குழாயைத் தேடி எடுத்தவன் நான். உள்ளே கல்லாய் இறுகியிருந்த குழம்பை உளியால் சுரண்டி எறிந்தேன். ஏன் எறிந்தேன்? இந்தக் கை என்னுடையதுதானா?

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே! நான் கோப்பிக் கடையிலதானே இருந்தேன்!" விலங்கிட்ட கைகளோடு தூரத்திலிருந்து கதறினான்.

"வடிவமைப்பில் பிழையில்லை" என்று அதிகாரியிடம் ஆங்கிலத்தில் கூறினேன். அவ்வளவே!

இந்நாட்டில் பிறந்தவனை, அவன் கண்டேயிராத இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

ஆண்டுகள் பல கழிந்து, கூலிம் சந்தையில் அவன் மனைவி லெட்சுமி என்னை மறித்தாள்.

"அண்ணே, அன்னிக்கு நீங்க ஒருத்தர்தான் அவருக்காக வாயத் தொறந்தீங்களாமே! போலீஸ்கிட்ட இங்கிலீஸ்ல பேசினத அவரு பாத்தாராம். சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாராம்ணே... அங்கேருந்து வந்தவங்க சொன்னாங்க."

நான் தலைகுனிந்தேன். அதனை அடக்கம் என்றெண்ணிக் கைகூப்பினாள் அவள்...

அந்தக் கைகள் இன்னும் இறங்கவில்லை.