எங்கம்மா வாங்குன காப்பி மெஷின்

காப்பிக் கொட்டை அரைபடுற வாசனை...

நைட் ஷிப்ட் முடிச்சு அப்பா சைக்கிள்ல வர்ற நேரத்துக்குச் சரியா பக்கத்து வூட்டு ஜன்னல்லேருந்து வரும். கூடவே கர்ர்... கர்ர்னு கைப்பிடி சுத்துற சத்தம்.

நேத்து நம்ம பழைய குவார்ட்டர்ஸ்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல உஷா ஒரு போட்டோ போட்டிருந்தா. அவங்கம்மா சரோஜாம்மா அரைச்ச அதே மெஷின். கீழ என்ன எழுதியிருக்கா தெரியுமா? அவங்கம்மா அரைச்சுக் குடுத்துதான் மொத்த பிளாக்கும் காப்பி குடிச்சுதாம். அப்பல்லாம் நமக்குள்ள எந்த வித்தியாசமும் கெடையாதாம். அதுக்கு நீங்க எல்லாரும் வரிசையா ஹார்ட் வேற போட்டிருக்கீங்க.

படிச்சதுலேருந்து பத்திக்கினு வருது எனக்கு. அதான் எழுதறேன்.

நாங்க கம்மாபுரம் பக்கம். அம்மாவும் அப்பாவும் அடுத்தவங்க நெலத்துல நடவு நட்டுக் களையெடுத்துப் பொழைச்சவங்க. நிலக்கரி மைன்ஸ் வந்துச்சு. அப்பா கான்ட்ராக்ட்ல மண்ணு வெட்டப் போயி அப்புறம் பர்மனென்ட் ஆனாரு. குவார்ட்டர்ஸ் கெடைச்சுது. அதுக்குள்ள கேன்டீன் காப்பி அவரு நாக்குல ஒட்டிக்கிச்சு. ஒருநா பித்தளை பில்டர் ஒண்ணு வாங்கிக்கினு வந்துட்டாரு.

தூள்லதான் தகராறு. கடைத்தூளு பூரா சிக்கரி. சரின்னு அம்மா கொட்டை வாங்கி வறுத்தாங்க. அம்மியில அரைச்சா மாவாயிடும், பில்டர் அடைச்சிக்கினு டிகாக்‌ஷன் எறங்காது. உரல்ல இடிச்சா நொய்யா நிக்கும், ஊத்துன தண்ணி கடகடன்னு கீழ வந்துடும். ராத்திரி பூரா வேலை செஞ்சிட்டு வந்த மனுஷன் அந்தக் கலங்கலையே குடிச்சிட்டுப் படுத்துடுவாரு. அம்மாவுக்குத்தான் மனசு கேக்காது.

அதனால ஒருநா வறுத்த கொட்டையை டப்பாவுல போட்டுக்கினு, தயங்கித் தயங்கி பக்கத்து வூட்டு சரோஜாம்மாகிட்ட போனாங்க. வேற ஜில்லாவுலேருந்து வந்த குடும்பம், வூட்டுக்காரருக்கு ஆபீஸ் வேலை. சிரிச்ச மொகமாத்தான் டப்பாவை வாங்கினாங்க. அம்மாவை வாசப்படிக்கு வெளிய நிக்க வச்சு, அரைச்சுக் குடுத்தாங்க. தூளை மோந்து பாத்த அம்மா மொகத்துல அவ்ளோ சந்தோஷம்.

வூட்டுக்கு வந்தப்புறம்தான் பாத்தோம், டப்பா மூடி இல்ல. அம்மா என்னையும் கூட்டிக்கினு திரும்பப் போனாங்க.

பின்பக்கம் கொழாயடி. அங்க சரோஜாம்மா அந்த மெஷினைப் பார்ட் பார்ட்டாக் கழட்டிப் போட்டு, புளியும் சாம்பலும் வச்சுத் தேய்ச்சிக்கினு இருந்தாங்க. கொடத்தோட நின்னவங்க எல்லாம் பாத்துக்கினு இருக்காங்க. எதுக்குக் கழுவுறாங்கன்னு அத்தினி பேருக்கும் தெரியும். சின்னப் பொண்ணு எனக்கே தெரிஞ்சுதே!

அம்மா சண்டை போடல. மெதுவாத்தான் சொன்னாங்க.

"இரும்புங்க அது... தண்ணி பட்டா துரு புடிச்சிக்கும்."

சரோஜாம்மா நிமிர்ந்துகூடப் பாக்கல. "எங்க வழக்கம் அப்படி. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதே."

வச்சுக்காதேன்னா எப்படிங்க வச்சுக்காம இருக்கறது? அந்தத் தூளை அம்மா பில்டர்ல போடல. சாக்கடையில கொட்டிட்டாங்க. அப்பா எழுந்ததும், இனிமே யாரு வாசல்லயும் போய் நிக்க மாட்டேன், எனக்கு ஒரு மெஷின் வேணும்னாங்க. எங்கம்மா தனக்குன்னு வாய் தொறந்து ஒண்ணு கேட்டு அன்னைக்குத்தான் பாத்தேன்.

கடலூருக்கு பஸ் ஏறுனோம். பெரிய பாத்திரக்கடை. வறுத்த கொட்டை ஒரு கைப்பிடி முந்தானையில முடிஞ்சி எடுத்துக்கினு வந்திருந்தாங்க அம்மா. சக்கரம் வச்ச பெரிய மெஷின் ஒண்ணு இருந்துச்சு, அது எங்க சக்திக்கு இல்ல. மடியில வச்சு அரைக்கிற மரப்பொட்டி ஒண்ணு, வெலை கம்மி. அம்மா அதுல நாலு கொட்டை போட்டுச் சுத்தி, தூளை ரெண்டு வெரல்ல தேய்ச்சுப் பாத்தாங்க. பாதி மாவு, பாதி நொய்யி. வேணாம்னுட்டாங்க.

கடைக்காரருக்குப் பொறுக்கல. காப்பிக்கா, இல்ல கூழுக்குக் கேவுரு அரைக்கவான்னு கேட்டு ஆளுங்களோட சேந்து சிரிச்சாரு. அவரு மூஞ்சியில அந்தத் தூளை வீசணும்போல இருந்துச்சு எனக்கு. அம்மா காதுலயே வாங்கிக்கல. மூலையில கறுப்பா ஒண்ணு கெடந்துச்சு, பலகையில திருகி மாட்டுற மாதிரி. கைப்பிடியில கட்டை ஒடைஞ்சதால யாரும் சீண்டாதது. ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பி அரைச்சுப் பாத்தாங்க. ரவைக்குக் கொஞ்சம் கீழ, மாவுக்குக் கொஞ்சம் மேல... வெரல்ல தேய்ச்சதும் தலையாட்டினாங்க. ஒடைசலுக்குக் கொறைச்சுத்தான் குடுத்தாரு.

அப்பா முந்திரிக் கட்டையில ஒரு பிடி செதுக்கி மாட்டினாரு. வூட்டுல மேஜை ஏது? தடிப் பலகை ஒண்ணுல மெஷினை மாட்டி, அது மேலயே ஒக்காந்து அரைப்பாங்க அம்மா. பிளாக்ல யாரு கொட்டை கொண்டாந்தாலும் உள்ள கூப்புட்டு ஒக்கார வச்சு அரைச்சுக் குடுத்தாங்க. அரைச்சதும் காஞ்ச துணியால தொடைப்பாங்க, அவ்ளோதான்.

சரோஜாம்மா மெஷின் கொஞ்ச நாள்ல துரு புடிச்சு இறுகிப்போச்சு. கைப்பிடி அசையல. பக்கத்துலயே எங்க வூடு. வந்தாங்களா? சாவுற வரைக்கும் அந்த சிக்கரித் தூளையே குடிச்சாங்களே தவிர, எங்க வூட்டு மெஷின்ல ஒரு கொட்டை அரைக்கல.

இப்ப என் மருமவ மிக்ஸி வச்சிருக்கா, பட்டனைத் தட்டுனா தூளு. ஆனா ஞாயித்துக்கெழமையில நான் அந்தப் பலகையை எடுத்துப் போட்டு ஒக்காந்துடுவேன். அம்மா இல்ல. அந்த முந்திரிக் கட்டைப் பிடி அவங்க கை பட்டுப் பட்டு வழவழன்னு இருக்கு. இப்பவும் ஜோரா சுத்துது.

உஷா... போட்டோ கீழ, வயசாயி துரு ஏறிப்போச்சுன்னும் எழுதியிருக்க பாரு, அதை மட்டும் மாத்திடு. அது வயசால வந்த துரு இல்ல. எங்கம்மா அன்னைக்கே சொன்னாங்க.