கைக்கு வந்த கிளச்

காரை வாங்க வந்தவரை நான் படலையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினேன். பாவம், கொழும்பிலிருந்து விடியற்புறம் வெளிக்கிட்டு வந்தவர். ஏற்றிக்கொண்டு போக லொறியும் பிடித்து வந்திருந்தார்.

"உங்கட மிஸ்டர்தானே விற்கிறனெண்டு சொன்னவர்?" என்று கேட்டார்.

"அவர் சொன்னவர்தான். நான் சொல்லேல்லையே," என்றேன்.

ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்றும் கேட்டேன். மனிதர் முகத்தை நீட்டிக்கொண்டு லொறியில் ஏறிவிட்டார்.

விறாந்தைக் கதிரையில் இருந்தபடி என் கணவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். லொறிச் சத்தம் ஓய்ந்த பிறகு வாயைத் திறந்தார்.

"உமக்கென்ன விசரா?"

"ஓம், விசர்தான்."

"கால் இல்லாதவனுக்கு என்னத்துக்குக் கார்? கிளச் மிதிக்க ஏலாது. கதை முடிஞ்சுது."

"கால் இல்லாட்டி கையால மிதிப்பம்."

யோசித்துச் சொன்ன சொல் இல்லை அது. கோபத்தில் வாய்க்கு வந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பின்வாங்குகிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே இல்லை. அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அவர் திருகோணமலைத் துறைமுகத்தில், பெரிய கப்பல்களை இழுத்து வருகிற ரக் படகுகளில் எஞ்சின் பார்த்தவர். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் இருந்தது. இடது கால் விரலில் வந்த ஒரு சின்னப் புண், ஆறாமல் ஏறி ஏறி, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாகிவிட்டது. பொய்க்கால் போட்டு நடக்கப் பழகினார். வீட்டுக்குள் நன்றாகவே நடந்தார். படலையைத் தாண்டித் தனியாகப் போவதைத்தான் நிறுத்திவிட்டார். கிளினிக்குக்கு நான் கூடப் போகவேண்டும். பூசைக்கும் நான். தலைமயிர் வெட்டுவதற்குக்கூட என் தம்பி வந்து ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். எங்கே போவதென்றாலும் ஒருவரைக் கேட்டுத்தான் போகலாம் என்றானதும், மனிதர் கேட்பதையே விட்டுவிட்டார். காலையில் கதிரையில் இருப்பார், பொழுதுபட எழும்புவார்.

அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மருந்து கட்டுவதும் பத்தியம் பார்த்துச் சமைப்பதும் எனக்கு ஒரு பாரமே இல்லை. அவர் தன்பாட்டில் எழுந்து, தனக்கு விருப்பமான இடத்துக்கு, ஒருவரையும் கேட்காமல் போகவேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

தெரிந்தவர்கள் எல்லோரும் கிளச் இல்லாத ஓட்டோமட்டிக் கார் ஒன்றை வாங்கச் சொன்னார்கள். நியாயமான பேச்சுத்தான். நானும் அதை அவரிடம் எடுத்துப் பார்த்தேன். "வாங்கும், நீரே ஓட்டும்," என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் அதே மனிதர், தினமும் கதிரையை எந்தப் பக்கம் திருப்பிப் போடுகிறார் என்று நான் கவனித்தேன். முற்றத்து வேப்பமரத்தின் கீழே நின்ற அந்தப் பழைய காரின் பக்கம்தான்.

அது இரண்டே இருக்கை உள்ள, நிலத்தோடு ஒட்டிப் போகிற, துணிக் கூரையை மடக்கிவிடக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். எங்கள் இருவரையும்விட வயதில் கொஞ்சம் இளையது. நிலாவெளிப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு ஹோட்டலின் பின்புறத்தில், கிடுகுக்குக் கீழே கிடந்ததை, வேலையில் இருந்த காலத்தில் ஆசைப்பட்டு வாங்கி இழுத்து வந்தார். கால் போகுமுன் எஞ்சினைக் கழற்றிப் பூட்டி ஓடவைத்தும் விட்டார். மற்றதெல்லாம் மிச்சம். கடற்காற்றில் அடித்தகடு கறள் பிடித்து அப்பளமாய்ப் போயிருந்தது. துணிக் கூரையை டவுனுக்குள் திரிகிற மான்கள் வந்து உப்புக்காக நக்கி, மென்று, கிழித்து வைத்திருந்தன. மான்களை விரட்டுவது நமக்கு வழக்கமில்லை. அதனால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

கூரை எனக்குப் பெரிய வேலை இல்லை. திமிங்கிலம் பார்க்கக் கொண்டுபோகிற வள்ளங்களுக்கு வெயில் கூரை தைப்பதுதான் என் தொழில். அடித்தகட்டுக்குத்தான் என் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் உள்துறைமுகக் கரையில் பைபர் வள்ளங்கள் திருத்துகிறவன். வந்து, காருக்குக் கீழே மல்லாந்து படுத்துச் சுத்தியலால் தட்டிப் பார்த்தான். காரின் இரும்புச் சட்டம் கணீரென்றது. தகடு பொத்தென்று விழுந்து அவன் முகமெல்லாம் கறள்.

"அக்கா, இது வள்ளத்தைவிடச் சுகம். கறளை வெட்டி எறிஞ்சுபோட்டு பைபர் போடுவம். உங்கட ஆயுசுக்கும் இருக்கும்," என்றான்.

இருக்கைகளைப் பூட்டுகிற இடங்களில் மட்டும் இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்வித்தோம். மற்ற இடமெல்லாம் பைபர். நான் கையுறை போட்டுக்கொண்டு பைபர் துணியை அளந்து வெட்டிக் கொடுப்பேன், அவன் ரெசின் பூசி ஒட்டுவான். பழைய தரையில் அங்குமிங்கும் விரல் போகிற அளவு ஓட்டைகள் இருந்தன. "இதுகளுக்குள்ளாலதான் தண்ணி ஏறிக் கறள் பிடிச்சிருக்கு," என்று தம்பி தீர்ப்புச் சொன்னான். எனக்கும் அது சரியென்றே பட்டது. எல்லா ஓட்டையையும் அடைத்தோம். மூலைமுடுக்கெல்லாம் கையால் தடவிப் பார்த்து, ஒரு ஊசித்துளைகூட இல்லாமல் பூசினோம். பிள்ளை பெற்றதுபோல அவ்வளவு பெருமை இருவருக்கும்.

கணவர் கதிரையில் இருந்து பார்த்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பித் தரும்போது, "ரெசின் மணம் தலையிடிக்குது," என்றார், அவ்வளவுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் விடுவேனா? அடுத்த நாளும் போய் அந்தக் காருக்குள் குந்தினேன்.

கூரை தைத்து முடிக்குமுன் மாரி தொடங்கிவிட்டது. மேலே ஒரு தறப்பாளை இழுத்துக் கட்டியிருந்தேன். இரவு முழுக்க அடித்த மழைக்காற்றில் ஒரு பக்கக் கயிறு அறுந்துபோய்விட்டது. காலையில் எழும்பிப் பார்க்கிறேன், காருக்குள் இருக்கைவரை தண்ணீர். மூன்று வேப்பிலையும் என்னுடைய ஒரு செருப்பும் மிதக்கின்றன. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. ஓடி வந்த தம்பி, "பாத்தீங்களே அக்கா, எங்கயும் ஒழுகேல்லை!" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கும் உறைத்தது.

விறாந்தையில் ஒரு சத்தம் கேட்டது. நான் பயந்துபோய்த் திரும்பினேன். என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, இருமி இருமிச் சிரித்தார்.

"அக்காவும் தம்பியுமாச் சேந்து வள்ளம் கட்டியிருக்கிறியள்! வள்ளத்துக்குத் தண்ணி வெளியில. இது கூரை திறக்கிற கார். மழை மேலயிருந்து வரும். வந்த தண்ணி போறதுக்குத்தான்டா அந்த ஓட்டையெல்லாம் விட்டிருந்தவங்கள்."

"முதலே சொல்லியிருக்கலாமே!" என்று நான் கத்தினேன்.

"எனக்கும் இப்பதான் விளங்கினது. நானும் கடலில கிடந்தவன்தானே," என்றார். பிறகு, "துளைக்கிற மெசினை எடுத்துக்கொண்டு வாரும்," என்றார்.

படியால் தானே இறங்கி வந்தார். ஈர மண்ணில் சாக்கை விரித்து, பொய்க்காலைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, காருக்குக் கீழே தலையைக் கொடுத்தார். தரையின் தாழ்ந்த மூலைகளைப் பார்த்து நான்கு ஓட்டை போட்டார். தண்ணீர் அவர் சட்டையெல்லாம் நனைத்தது. வள்ளத்துக்குப் போடுகிற றப்பர் அடைப்புகளைத் தம்பி கொண்டுவந்து அந்த ஓட்டைகளில் பொருத்தினான். ஓடும்போது அடைக்கலாம், மழை புகுந்தால் இழுத்துவிடலாம். அன்றையிலிருந்து கதிரை சும்மா கிடந்தது.

ஆனால் கிளச் அப்படி லேசில் மசியவில்லை. என் யோசனை இதுதான்: மோட்டார் சைக்கிளின் கிளச் பிடியைக் கியர்த் தடியின் தலையில் பூட்டி, அதிலிருந்து ஒரு கேபிளைக் கீழே கிளச் மிதிக்குக் கொண்டுபோவது. இடது கை கியர்த் தடியில் இருக்கும்போதே விரல்கள் பிடியை நெரிக்கும். வலது கை ஸ்டியரிங்கை விடத் தேவையில்லை. தம்பி பூட்டினான். கணவர் உள்ளே ஏறி இருந்து நெரித்தார். மிதி அரை அங்குலம் இறங்கியது. காலின் பலத்துக்கென்று செய்த ஒன்றை நான்கு விரல் எப்படி அமத்தும்? பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் நெரித்தார். கேபிள் பட்டென்று அறுந்து, பிடி அவர் விரல் மூட்டில் அடித்தது.

பிடியைக் கழற்றிக் குரோட்டன் செடிக்குள் எறிந்தார். "இனி இந்தக் கதையை என்னோட எடுக்காதையும். ஏலாதெண்டால் ஏலாது."

"ஏலும்."

"கை நோகுறது எனக்கு. உமக்கில்லை."

"அப்ப ரக்கில சுக்கானைக் கையாலயே இழுத்துத் திருப்பினவை? அவ்வளவு பெரிய சுக்கானை? எஞ்சின்தானே திருப்பினது? நீங்கள்தானே எனக்குச் சொன்னனீங்கள், ஒரு விரல் போதுமெண்டு? இதிலயும் எஞ்சின் இருக்குத்தானே? அது சும்மாதானே கிடந்து உறுமுது? அதையும் கொஞ்சம் இழுக்கச் சொல்லுங்கோவன்!"

சண்டைக்காகத்தான் சொன்னேன். செடிக்குள் போய்ப் பிடியைத் தேடி எடுத்து, கழுவித் துடைத்து, அவர் கண்ணில் படும்படி மேசையில் வைத்தேன். அன்று பகல் முழுக்க நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் தையல் மெசினில் காரின் கூரையைத் தைத்துத் தள்ளினேன். கோபம் வந்தால் என் தையல் நேராகப் போகும்.

பின்னேரம் அவர் மெசினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "பிரேக் பூஸ்டர்," என்றார்.

"என்ன?"

"வான் வண்டியளில இருக்கும், வட்டப் பெட்டி. எஞ்சின் காத்தை உறிஞ்சிற பலத்தில பிரேக்கை இலேசாக்கிறது. அதைக் கிளச்சுக்குத் திருப்பிப் பூட்டலாம். பிடி சும்மா அந்தப் பெட்டியின்ர காத்து வாயைத் திறந்துவிட்டால் போதும், மிச்சத்தை எஞ்சின் இழுக்கும்." சொல்லிக்கொண்டே என் தையல் சோக்கை எடுத்து, நல்ல கன்வஸ் துணியில் படம் கீறத் தொடங்கினார். எனக்குக் கோபம் வரவில்லை. கீறட்டும், இன்னும் நாலு முழம் கீறட்டும் என்றிருந்தது.

பழைய இரும்புக் கடையில் உடைத்துப் போட்ட ஒரு சின்ன வான் வண்டியிலிருந்து பூஸ்டர் கிடைத்தது. அதைப் பொருத்தப் பட்ட பாட்டை இங்கே எழுதினால் வாசிக்கிறவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஒரு குழாய் ஒழுகினால் இன்னொன்று வெடிக்கும். இழுத்தால் விடாது, விட்டால் ஒரேயடியாக விடும். தம்பியின் வள்ளவாடிக்கு முன்னாலிருந்த வெளியில் கார் தவளை மாதிரித் துள்ளித் துள்ளிப் போகும். நான் பக்கத்தில் இருந்து கதவைப் பிடித்துக்கொண்டு, "மெல்ல விடுங்கோ, மெல்ல விடுங்கோ" என்று கத்துவேன். "நீர் கத்தினால்தான் கை நடுங்குது," என்று அவர் கத்துவார். பிறகு ஒருநாள் கார் துள்ளவில்லை. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கும் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. இருவரும் கத்துவதை மறந்து அந்த வெளியைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

வைத்தியச் சான்றிதழ், வாகனப் பரிசோதனை, ஓட்டிக் காட்டுவது என்று சட்டப்படி செய்யவேண்டியதெல்லாம் மாதக்கணக்கில் இழுத்தது. ஒன்றுக்கு மூன்று தரம் நடந்தோம். ஓட்டிப் பார்க்க வந்த உத்தியோகத்தர் அந்தப் பிடியைத் தானும் இரண்டு தடவை நெரித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். கடைசியில் லைசன்ஸ் கைக்கு வந்தது.

முதல் சவாரி எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். வேறு யாருக்கு? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, கூரையை மடக்கிவிட்டு, இறக்கக்கண்டிப் பாலம்வரை போய் வருவதென்று மனதுக்குள் முடிவுகட்டி வைத்திருந்தேன். எந்தச் சேலை என்றுகூடத் தெரிவுசெய்தாகிவிட்டது.

லைசன்ஸ் வந்த மறுநாள் காலை. ஒரு வள்ளக்காரருக்குக் கூரை அவசரமாக வேண்டுமென்று நான் மெசினில் இருந்தேன். கார் இயங்குகிற சத்தம் கேட்டது. எஞ்சினைச் சூடாக்குகிறார் என்று நினைத்தேன். சத்தம் நகர்ந்தது. வாயில் நூலோடு எழுந்து வந்து பார்த்தால், வேப்பமரத்தின் கீழே எண்ணெய்க் கறைதான் கிடக்கிறது. படலை விரியத் திறந்திருக்கிறது. றோட்டு முடக்கில் கார் திரும்புகிறது. கூரை மடக்கியிருந்தது, அவருடைய பின்தலை தெரிந்தது. திரும்பிப் பார்க்கவே இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? கூப்பிட்டுத் திட்டலாம் என்று போனை எடுத்தேன். அவருடைய போன் உள்ளே மேசையில் அடித்தது. அந்த நேரம் பார்த்துத் தம்பியின் அழைப்பு என் போனுக்கு வந்தது.

"அக்கா, அத்தானிட்டக் குடுங்கோ, ஒரு கதை இருக்கு."

"அவர் இல்லை."

"எங்க போனவர்?"

"தெரியாது."

"ஆரோட போனவர்?"

"ஒருத்தரோடயும் இல்லை. தனியத்தான்."

"எப்ப வருவாராம்?"

"அதுவும் தெரியாதடா," என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவ்வளவு சந்தோஷம். தம்பி பயந்துபோய், "அழாதைங்கோ, நான் இப்ப ஓட்டோவை எடுத்துக்கொண்டு அத்தானைத் தேடிப் போறன்," என்றான்.

"டேய், தேடினியெண்டால் கொன்றுபோடுவன்," என்று சொல்லிப் போனை வைத்தேன்.