திரையின் பின்புறம்

தேனாம்பேட்டைத் திடலில், திறந்த வானத்தின் கீழே, நானும் ஒரு ஜட்கா வண்டிக்காரரும் உட்கார்ந்திருக்கிறோம். ஊரிலிருந்து கூட வருவதாகச் சொன்ன நண்பன் ரயிலேறவில்லை. திரைக்குப் பின்புறம்தான் டிக்கெட் மலிவு. ஊமைப்படத்தின் எழுத்தெல்லாம் இங்கே இடவலம் மாறித் தெரிகிறது.

“படிச்ச புள்ளையா கீறியே நைனா, இன்னா எழுதிக்கீது?”

நான் எழுத்துக் கூட்டுவதற்குள் அது மறைந்துவிடுகிறது.

“அந்தப் பொண்ணு பொழைக்குமா பொழைக்காதா, அதையாவது சொல்லேன்!”

தெரியவில்லை என்கிறேன். சிரித்துக்கொண்டே என்னை முன்புறத்துக்கு இழுத்துப் போகிறார். அங்கே உரக்கப் படிக்கிறேன். பட்டணம் வந்தபின் என் குரலை நானே இப்போதுதான் கேட்கிறேன்.

பெண் பிழைத்துக்கொள்கிறாள். வண்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பெயரைக் கேட்காமலே குதிரையிடம் போகிறார்.

முன்புறத்துக்குக் கூடுதலாகக் கொடுத்த காசையும் சேர்த்து, எங்கள் இருவருக்கும் ஆன செலவு நாலணா.