இருபது நிமிடம் உட்கார்ந்த நாய்

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கையில் டவலை விரித்துப் பிடித்தபடி ஒரு பறவையின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

பிடித்துச் சமைக்க அல்ல. நான் சுத்த சைவம். காப்பாற்றி டாக்டரிடம் கொண்டுபோகத்தான் ஓடினேன். காரியம் கெட்டதே அதனால்தான்.

முதலில் நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது என்னுடையது அல்ல, பக்கத்து வீட்டு கிரகாமுடையது. கறுப்பு லாப்ரடார், பெண், ஒன்றரை வயது, பெயர் டெஸ். கிரகாம் ரிட்டையரான பிளம்பர். தகனினி என்கிற இந்த ஊரில் நாங்கள் குடிவந்த அன்று, ஒரு வாளி நிறைய, கொய்யா மாதிரி இருக்கும் ஃபெய்ஜோவா பழத்தோடு வாசலில் வந்து நின்ற முதல் மனிதர். மே மாதம் வாத்து வேட்டை தொடங்கிவிட்டால் ஆளை வீட்டில் பார்க்க முடியாது. அவர் சுடுவார். தண்ணீரில் விழும் வாத்தை நாய் நீந்திப்போய், பல் படாமல் கவ்விக் கொண்டுவர வேண்டும். வருகிற மே மாதம் டெஸ்ஸுக்கு முதல் சீசன்.

ஆகஸ்டில் கிரகாமுக்கு மூட்டு ஆபரேஷன் நடந்தது. வாக்கர் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடக்கிறார். பாதியில் பயிற்சி நின்றால் நாய் எல்லாவற்றையும் மறந்துவிடுமாம். தினம் பத்து நிமிடம், பக்கத்து மைதானத்தில்... நீ கொஞ்சம் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டார்.

சைவம் சாப்பிடுகிறவன் வேட்டை நாயைப் பழக்கலாமா? நியாயமான கேள்வி. நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். சுடப் போவது கிரகாம். எடுத்துவரப் போவது டெஸ். சாப்பிடப் போவது கிரகாமின் குடும்பம். நான் வெறும் விசில்! என் மனசாட்சி ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டது.

விசில் எளிது. நீளமாக ஒரு ஊதல் என்றால், எங்கே இருந்தாலும் நாய் அப்படியே உட்கார வேண்டும். சின்னச் சின்னதாக மூன்று என்றால் திரும்பி வர வேண்டும். வாத்துக்குப் பதிலாக கான்வாஸ் துணியில் தைத்த ஒரு பொம்மை. எறிந்தால் எடுத்து வரும். ஒரே மாதத்தில் டெஸ் நான் சொன்னதையெல்லாம் கேட்க ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் எனக்கு இது புது அனுபவம். சாயங்காலம் வந்து, தாளிக்காத தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் போகவும் பழகிக்கொண்டது.

கூடவே ஒரு தாளும் கொடுத்திருந்தார் கிரகாம். அவருடைய நாய்ப் பயிற்சி கிளப்பின் விதிமுறை. பறவைகள் முட்டையிடும் மாதங்களில், அதாவது இங்கே வசந்தமும் கோடையுமான செப்டம்பரிலிருந்து பிப்ரவரி முடிய, கடற்கரையிலும் தண்ணீர் ஓரத்திலும் பயிற்சி கூடாது. புல் வெட்டிய மைதானத்தில் மட்டும்தான். அங்கேயும் நாய் கயிற்றில் இருக்க வேண்டும். மொத்தமே நாலு வரி. அதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தேன். தினமும் பால் எடுக்கும்போது கண்ணில் படும்.

பிறகு எதற்காகக் கடற்கரைக்குப் போனேன்?

நம்ம ஆட்களுக்கு ஹோம்வொர்க் கொடுத்துப் பாருங்கள். கொடுத்ததை மட்டும் செய்யமாட்டோம். அடுத்த பாடத்தையும் படித்துவிட்டுப் போய் நிற்போம். டெஸ்ஸிடம் ஒரே ஒரு குறை, தண்ணீரில் இறங்கக் கொஞ்சம் தயங்கும் என்று கிரகாம் சொல்லியிருந்தார். அதையும் சரிசெய்து, நீந்துவதை வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பினால்? மனுஷன் வாக்கரோடு துள்ளிக் குதிப்பார் அல்லவா!

கிளம்பும்போது என் மனைவி கலா தடுத்தாள்.

"ஏங்க, கடற்கரை வேணாம்னு பேப்பர்ல போட்டிருக்கே?"

"அது வேட்டைக்காரங்களுக்கு. நாம என்ன சுடவா போறோம்? சும்மா பொம்மையைத் தூக்கிப் போட்டு விளையாடப் போறோம்."

"துப்பாக்கின்னு போடலியே. நாய்னுதானே போட்டிருக்கு?"

டெஸ்ஸை ஏற்றிக்கொண்டு காரை எடுத்தேன்.

கிளீவ்டன் தாண்டி ஒரு சின்னக் கடற்கரை. கார் நிறுத்துகிற இடத்தில் பறவைப் படம் போட்ட போர்டு இருந்தது. ஒரு கோடியில் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். ஓகோ, பறவை அங்கேதான் இருக்கிறது போலிருக்கிறது என்று நான் மறு கோடிக்குப் போனேன். எவ்வளவு பொறுப்பு பாருங்கள்!

முதல் தடவை எறிந்தபோது டெஸ் தயங்கியது. இரண்டாவது தடவை இறங்கி நீந்திவிட்டது. மூன்றாவது தடவை என் கை கொஞ்சம் விலகிப்போய், பொம்மை தண்ணீருக்குப் பதிலாகக் கரையில் சிப்பி மேட்டுப் பக்கம் விழுந்தது. டெஸ் பாய்ந்தது. அந்த நொடியில் மணலுக்குள்ளிருந்து ஒரு பறவை கத்திக்கொண்டு கிளம்பியது. மைனா அளவுதான் இருக்கும், மணல் நிறம். ஒரு பக்கத்து இறக்கை தரையில் இழுபட, நொண்டி நொண்டி ஓடியது.

கடித்துவிட்டதா? என் கையால் தயிர்சாதம் சாப்பிட்ட நாயா?

விசிலை எடுத்து நீளமாக ஊதினேன். டெஸ் நின்ற இடத்திலேயே சட்டென்று உட்கார்ந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, நாயைத் துடைக்கக் கொண்டுபோன டவலோடு பறவையைத் துரத்தினேன். நான் நெருங்கினால் நாலடி ஓடும். விழும். துடிக்கும். மறுபடி நெருங்கினால் மறுபடி நாலடி. "பயப்படாதம்மா... ஒண்ணும் பண்ணமாட்டேன்... டாக்டர்கிட்ட போலாம் வா" என்று கெஞ்சிக்கொண்டே போனேன். எவ்வளவு தூரம் போனேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ஹலோ! ஸ்டாப்! ஸ்டாப் தேர்!" என்று பின்னால் ஒரு பெண் குரல். நான் பறவையோடு பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அடுத்த சத்தம் தமிழில் வந்தது. "அண்ணை! நில்லுங்கோ அண்ணை!"

ஆரஞ்சு நிற வெஸ்ட், தோளில் நாலு மரக்கம்பு, கையில் கயிற்றுச் சுருள். பெயர் சுகந்தி. யாழ்ப்பாணத்துக்காரர். வார நாளில் விரி என்கிற இடத்தில் ஒரு வேர்ஹவுஸில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே சம்பளமில்லாத பறவைக் காவல். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

"பறவைக்கு அடிபட்டிருக்குங்க. உடனே டாக்டர்கிட்ட கொண்டு போகணும்" என்றேன், மூச்சு வாங்கியபடி.

"அதுக்கு ஒண்டும் இல்லை. அது நடிக்குது."

"நடிக்குதா?"

"ஓம். முட்டை இருக்கிற இடத்திலயிருந்து உங்களைத் தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போகுது. வேணுமெண்டா டவலைக் கீழ விடுங்கோ, என்ன செய்யுதெண்டு பாப்பம்."

விட்டேன். இரண்டு பேரும் அசையாமல் நின்றோம். அந்தப் பறவை எங்களை ஒரு பார்வை பார்த்தது. உடைந்துபோன இறக்கையை ஒழுங்காக மடித்து வைத்துக்கொண்டது. பறந்து போய்விட்டது!

"உங்கட நாய் எங்க?" என்றார் சுகந்தி.

பெருமையாகத் திரும்பிக் காட்டினேன். தூரத்தில், சிப்பி மேட்டின் மேல், டெஸ் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி இருந்தது. "அங்க பாருங்க. உட்காருன்னா உட்காரும். யாரையும் கடிக்காது, எதையும் தொடாது. தயிர்சாதம் சாப்பிடுற நாய்ங்க அது."

அவர் முகம் மாறிவிட்டது. "ஐயோ அண்ணை. அதுக்குப் பக்கத்திலதான் முட்டை கிடக்குது. எவ்வளவு நேரமா இருக்குது அது?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடம்.

மூன்று முறை சின்னதாக ஊதினேன். டெஸ் வந்தது. கயிற்றைக் கட்டினேன். கார் பக்கம் தள்ளிப்போய், சுகந்தி தன் பைனாகுலரை என்னிடம் கொடுத்தார். கூடு என்று எதுவும் இல்லை. கையால் வழித்த மாதிரி மணலில் ஒரு பள்ளம், அதில் மூன்று முட்டைகள். மணல் நிறத்திலேயே, கறுப்புப் புள்ளிகளோடு. எனக்குக் கண்டுபிடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. மேலே நல்ல வெயில். கொஞ்சம் தள்ளி, முட்டைக்குக் காத்திருப்பது போல ஒரு பெரிய கடற்காகம் உட்கார்ந்திருந்தது.

"நாய் கடிக்கிறதெல்லாம் குறைவு அண்ணை. அது பக்கத்தில இருந்தாலே போதும், தாய் வராது. வெயிலுக்கு முட்டை அவிஞ்சு போயிடும். அதுகளின்ர முதல் முட்டையளை அலை கொண்டுபோயிட்டுது. இதுவும் போனா, இந்த வருஷம் அதுகளுக்குக் குஞ்சு இல்லை."

"கயிறு அந்தப் பக்கம்தானே கட்டியிருக்கு?" என்றேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"கயிறு நாங்கள் கட்டினது. குருவிக்கு அது எப்பிடித் தெரியும்? வெள்ளிக்கிழமைதான் இதைக் கண்டனாங்கள். இண்டைக்கு இஞ்ச கட்டத்தான் இந்தக் கம்புகளைக் கொண்டு வந்தனான்."

திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. தாய்ப் பறவை திரும்பி வரும்வரை காரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று மட்டும் சொன்னார். வந்தது. நேராக வரவில்லை. ஓடும், நிற்கும், பார்க்கும், வேறு எங்கோ போகிற மாதிரி போகும்... கடைசியில் வந்து முட்டையின் மேல் உட்கார்ந்தது. வெட்கமாக இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் வருகிற வெட்கம், அதைச் சமாளிக்க வழியே இல்லை. கிளம்புமுன், முட்டை பொரிந்தால் சொல்லச் சொல்லி என் போன் நம்பரைக் கொடுத்தேன்.

அன்று மாலை கிரகாமிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இருபது நிமிடமும் டெஸ் எழுந்திருக்கவே இல்லையா?"

"இல்லை."

"நல்ல பெண்" என்று அதன் தலையைத் தடவிக் கொடுத்தார். எனக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. பிறகு, பையனாக இருந்த காலத்திலிருந்து சுடுகிறேன், முட்டையிடும் காலத்தில் ஒரு கூட்டைக்கூட நான் கலைத்ததில்லை என்றார். குரலை உயர்த்தவில்லை. ஒரு தகவல் போலத்தான் சொன்னார். வாத்து சுடுகிறவர் அவர். உயிரைக் கொல்லாதவன் நான்.

விதியை மீறுகிறவர்கள் கெட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கெட்டவனுக்குத் தான் மீறுவது தெரியும். அக்கம்பக்கம் பார்த்துப் பயந்து செய்வான், சீக்கிரம் கிளம்பிவிடுவான். நம்மைப் போன்ற நல்லவர்கள்தான் சாவகாசமாக மீறுகிறோம். படிக்காமலா மீறுகிறோம்? தினமும் படிக்கிறோம். படிக்கும்போதே, இது நம்மைச் சொல்லவில்லை, வேறு யாரையோ சொல்கிறது என்று முடிவு செய்துவிடுகிறோம். என் நாய் சாது. நான் சும்மா ஐந்து நிமிடம்தான். நான் அந்த மாதிரி ஆள் இல்லை. எந்த விதியிலாவது 'அந்த மாதிரி ஆள்' என்று எழுதியிருக்கிறதா?

இப்போது மைதானத்தில் மட்டும்தான் பயிற்சி. கயிற்றோடு. தண்ணீர்ப் பயம் மார்ச் மாதம்வரை அப்படியே இருக்கட்டும் என்று கிரகாம் சொல்லிவிட்டார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை ஆபீஸில் இருக்கும்போது சுகந்தியிடமிருந்து போன்.

"அண்ணை, ரெண்டு பொரிச்சிட்டுது! குஞ்சுகள் ஓடித் திரியுதுகள். நாலு நாள் பாத்துப்போட்டுத்தான் உங்களுக்குப் போன் எடுக்கிறன்."

அப்பாடா என்று இருந்தது. பிறகுதான் உறைத்தது. "மூணாவது?"

"அது பொரிக்கேல்லை."

"என்னாலயா?"

"சும்மாவும் அப்பிடி நடக்கிறதுதான் அண்ணை. உங்களாலதான் எண்டு ஆரும் சொல்லேலாது."

உண்மைதான். என்னால் இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது.

இத்தனைக்கும், அந்த முட்டையை ஒருவரும் தொடவே இல்லை.