நான்காவது பல்

நாக்கின் நுனி இடப்பக்கக் கடைவாய்க்குப் போகிறது. பிடுங்கிய மூன்று பற்களின் பள்ளங்களைத் தடவிவிட்டு, நான்காவது பல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மேசையில் குடல் உருவிய மின்விசிறி, கையில் அதன் மோட்டாருக்குச் சுற்றும் செம்புக் கம்பி. நாற்பது சுற்றோ ஐம்பதோ, எண்ணிக்கை தவறிப்போய் எல்லாவற்றையும் அவிழ்க்கிறார் மோட்டார்க்காரர். காலையிலிருந்து இது மூன்றாம் தடவை.

"இன்னிக்கு இதுக்குத் தாவிடுச்சு," என்கிறார் மனைவியிடம், வலி ஏதோ வீடு மாறிப் போன விருந்தாளி மாதிரி.

இரண்டு வருடமாக, வாய்க்குள் மிளகாய் அரைத்துப் பூசியது போல் எரிச்சல். படம் எடுத்துப் பார்த்த பல் மருத்துவர்களெல்லாம் "பல்லு கல்லு மாதிரி இருக்கு" என்றார்கள். இவரா விடுவார்? கெஞ்சியும் சண்டை போட்டும் மூன்று நல்ல பற்களைப் பிடுங்கவைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் நிம்மதி. எட்டாம் நாள் வலி பக்கத்துப் பல்லில் குடியேறிவிடும்.

கடைக்கு வருகிறவர்களிடம் மட்டும் ஞானம் பொங்கும். "சத்தம் மோட்டார்ல வந்தா கோளாறும் மோட்டார்லயா இருக்கும்? முதல்ல கரண்டு வர்ற லைனைப் பாருங்க சார்!"

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும். "அதை உங்க வாய்க்குச் சொல்லுங்களேன்."

"மோட்டாருக்கு வலிக்குமாடி?"

மச்சினன் கல்யாணத்துக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறார். பழி எல்லாம் பல்லின் மேல்தான். கடைசியில் பெரிய டாக்டர், மூளையில் ரத்தம் ஓடுவதைக் காட்டும் படம் எடுத்தார். "வலி பொய்யில்லைங்க. ஆனா பல்லுல இல்லை. மூளையில சில இடத்துல ரத்த ஓட்டம் ஏறுக்குமாறா இருக்கு. வலிக்கும் மனச்சோர்வுக்கும் அங்கதான் சம்பந்தம் இருக்கும்னு நினைக்கிறேன். இந்த மாத்திரை ரெண்டுக்கும் உதவலாம்."

இவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. "என்னைப் பைத்தியம்னுட்டான்." மூன்று வாரமாக மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கிறது.

"நாளைக்குப் பத்து மணிக்குப் புது டாக்டர். எடுத்துடறேன்னுட்டார்," என்கிறார் இப்போது.

மனைவி கையிலிருந்த துணியை எறிந்தாள். "எடுங்க! மீதி இருபத்தொன்பதையும் எடுங்க. அப்புறம் வலி ஈறுக்கு வரும், அதையும் வெட்டுங்க. தாடையைக் கழற்றுங்க. கழுத்துக்கு மேல மிச்சம் ஏதாவது இருந்தா எனக்குக் குடுங்க!" அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "நீங்க என்கூட உட்காந்து பேசி எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா?"

கம்பியை மேசையில் வைத்தார். "அந்த மாத்திரையும் தின்னுட்டு வலி போகலைன்னா, அப்புறம் நான் எங்க போவேன்?" என்றார்.

அவள் உள்ளே போனாள். தண்ணீரையும் மாத்திரை அட்டையையும் கொண்டுவந்து வைத்தாள்.

ஒன்றைப் பிதுக்கி எடுத்து விழுங்கினார். பிறகு முகத்தை அவள் பக்கம் உயர்த்தி, கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்து, நாக்கைத் தூக்கி, வாயை ஆவென்று திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டினார்.